காரைக் கழுவக் கற்றேன்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



“காரைக் கழுவுவதற்கும் ஒரு கட்டுரையா?” என்று தலைப்பைக் கண்டவுடன் நீங்கள் புன்னகை புரியலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வாளி, தண்ணீர், சோப்பு, துணி ஆகிய நான்கும் இருந்தால் எவரும் கழுவிவிடலாம் என்பது என் நினைப்பு. அது எவ்வளவு தவறு என்பதை நான் அறிந்துகொண்ட கதையையும், அதன்பின் கற்றுக்கொண்ட முறையையும் இங்கே கூற விரும்புகிறேன்.

நான் செய்த பிழை

எங்கள் ஊர் தூத்துக்குடி. என் தந்தை சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டுகிறார். கருநீல நிறமுடைய அந்தக் காரை வங்கிக் கடன் பெற்று வாங்கினார். எங்கள் வீட்டு அரிசியும் என் பள்ளிக் கட்டணமும் அதன் நான்கு சக்கரங்களில்தான் உருண்டு வருகின்றன.

ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கும் பனிமய அன்னையின் திருவிழா ஆகஸ்டு 5ஆம் நாள் நிறைவுறும். சென்ற ஆண்டு அதற்கு முந்திய நாள், இரவெல்லாம் வண்டி ஓட்டிய களைப்பில் அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். திருவிழாவிற்குக் கார் பளபளவென்று போகவேண்டும், அப்பா விழித்தெழுந்து பார்த்து மகிழவேண்டும் என்று எனக்கு ஆசை. உச்சி வெயிலில் நின்ற காரின்மீது துணி துவைக்கும் தூளைக் கரைத்து ஊற்றினேன். காய்ந்து ஒட்டியிருந்த காக்கை எச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரினால் தேய்த்தேன். அப்பாவின் பழைய சட்டையொன்றால் அழுத்தித் துடைத்தேன். ஈரம் இருந்தவரை கார் கண்ணாடிபோல் மின்னியது.

மறுநாள் காலை வெயில் பட்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. முன்மூடியிலும் இடப்பக்கக் கதவுகளிலும் சிலந்தி வலை பின்னினாற்போல் எண்ணற்ற மெல்லிய கீறல்கள்! அப்பா அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். “நீயாம்மா கழுவுன? சரி, பரவாயில்ல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாத வாடகைக்கு வண்டி பேச வந்தவர், “ரொம்பப் பழைய வண்டியா இருக்கும்போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு அம்மா எனக்குச் சோறு போட்டபோது என்னால் உண்ண முடியவில்லை.

வண்ணப்பூச்சு என்பது யாது?

எங்கள் தெருவிலே கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் சென்று, “இதை அழிக்க முடியுமா மாமா?” என்று கேட்டேன். அவர் கூறியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

காரின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. அது பல அடுக்குகளாக அமைந்தது. இரும்புத் தகட்டின்மீது முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன்மேல் பிரைமர். அதற்குமேல் நாம் காணும் நிறம். எல்லாவற்றிற்கும் மேலே, நிறமே இல்லாத ஒரு பூச்சு உண்டு. அதற்குக் கிளியர் கோட் என்று பெயர். காருக்குப் பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே. இந்த அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். அவற்றுள் மேற்பூச்சு மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்படியானால் காரின் அழகைக் காத்து நிற்கும் கவசம் ஒரு முடியின் கனம்கூட இல்லை!

இதன்மீது படியும் தெருப் புழுதியில் பெரும்பகுதி மணல். மணலில் உள்ள குவார்ட்சு என்னும் கனிமத்தின் கடினம் மோவின் அளவுகோலில் 7 ஆகும். சாதாரணக் கத்தியின் இரும்பே ஏறத்தாழ 5½ தான். ஆகவே புழுதி படிந்த காரைத் துணியால் தேய்ப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் சிறிய அளவில் ஒன்றே. புழுதி தானாகக் காரைக் கீறுவதில்லை. அதை அழுத்தி இழுக்கும் நம் கைதான் கீறுகிறது.

“அந்தக் கீறல்கள் ஏன் வட்ட வட்டமாகத் தெரிகின்றன?” என்று எங்கள் அறிவியல் சகோதரியிடம் கேட்டேன். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையம்போல் அமைந்த திசையில் உள்ளவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை தெரிவதில்லை என்று விளக்கினார். கைவிளக்கை நகர்த்திப் பாருங்கள். அந்த வட்டமும் கூடவே நகரும்.

கழுவும் முறை

இனி, நான் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, நேரமும் இடமும். அதிகாலையோ மாலையோ, நிழலில் நிறுத்திய பிறகே கழுவவேண்டும். முன்மூடியின்மீது கை வைத்தால் சூடு தெரியக்கூடாது. சூடான தகட்டில் சோப்பு நீர் உடனே காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும்.

இரண்டாவது, தேவையான பொருள்கள். இரண்டு வாளிகள், சக்கரத்திற்கென்று மூன்றாவதாக ஒரு பழைய வாளி, காருக்கென்று விற்கும் ஷாம்பு, கழுவ மைக்ரோஃபைபர் கையுறை அல்லது துணி, துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துண்டுகள் இரண்டு. துணி துவைக்கும் தூள் காரத்தன்மை உடையது. அது காரின்மேல் பூசிய மெழுகை நீக்கிவிடும். சாதாரணச் சோப்போ கடின நீரில் சேர்ந்தவுடன் வெண்மையான படிவாக மாறி ஒட்டிக்கொள்ளும். இதை நாம் வேதியியலில் படித்திருக்கிறோம். கார் ஷாம்பு பெரும்பாலும் நடுநிலைத் தன்மை உடையது. அதன் மூலக்கூறுகள் அழுக்கைச் சூழ்ந்து நீரில் மிதக்கச் செய்வதோடு, துணி வழுக்கிச் செல்லவும் உதவுகின்றன. எவ்வளவு கலப்பது என்பதைப் புட்டியிலேயே எழுதியிருப்பார்கள். மிகுதியாக ஊற்றினால் மிகுதியாகச் சுத்தமாகும் என்பதில்லை.

மூன்றாவது, தொடாமல் நனைத்தல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. துணியை எடுக்கும் முன் கார் முழுவதையும் மேலிருந்து கீழாக நீரால் நனைத்து, ஓடக்கூடிய மணலை ஓடவிட வேண்டும். பறவை எச்சம் இருந்தால் அதன்மீது ஈரத்துணியைப் போர்த்தி ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். ஊறியபின் தானே பெயர்ந்து வரும். எச்சத்தில் உள்ள அமிலம் மேற்பூச்சை அரிக்குமாதலால் அதை நாள்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு. நான் செய்ததுபோல் காய்ந்தபடியே சுரண்டுவதும் தவறு.

நான்காவது, இரண்டு வாளி முறை. ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவுங்கள். பிறகு அதை வெறும் நீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டு மீண்டும் ஷாம்பு நீருக்குச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் வெறும் நீர் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மணலைக் கண்டால், ஒரே வாளி வைத்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கூரை, கண்ணாடிகள், முன்மூடி, கதவின் மேற்பாதி, பிறகு கீழ்ப்பாதி என்ற வரிசையில் செல்லவேண்டும். அழுக்கும் மணலும் கீழ்ப்பகுதியில்தான் அதிகம். அங்கிருந்து மேலே வரக்கூடாது. கையை வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில், அழுத்தாமல் செலுத்தவேண்டும். கையுறை தரையில் விழுந்துவிட்டால் அதை அப்படியே மறுபடி காரில் வைக்காதீர்கள். சக்கரங்களில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் படிந்திருக்கும். எனவே அங்கே பயன்படுத்திய துணி காரின் உடலைத் தொடவே கூடாது.

உலர்த்தும் முறை

“கழுவிவிட்டோம், வெயிலில் காயட்டும்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உப்பளங்கள் சூழ்ந்த எங்கள் ஊரிலே கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்புக் கரிப்பவை. நீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஆவியாகா. ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் நின்றுவிடும். வெள்ளைக் காரில் அது மறைந்திருக்கும்; எங்கள் கருநீலக் காரிலோ மறையாது.

ஆகையால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல நீர் வேண்டும். மழைநீர் சேமித்திருந்தால் மிகச் சிறப்பு. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைப் பல வீடுகளில் வீணாக்காமல் பிடித்து வைக்கிறார்கள், பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் அதில் உப்பு இன்னும் மிகுதியாதலால், சக்கரம் கழுவ உதவுமே தவிர, கடைசி அலசலுக்கு ஆகாது. அலசும்போது நீரைத் தெறிக்க அடிக்காமல் மேலிருந்து மெல்ல ஊற்றினால், அது திரைபோல் வழிந்து துளிகளையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும்.

பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் பரப்பி, ஒற்றி எடுக்கவேண்டும். தேய்க்கக்கூடாது. பாலியஸ்டரும் நைலானும் கலந்த இதன் இழை மிக நுண்ணியது. 9,000 மீட்டர் நீள இழையின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அவ்விழைகளின் இடைவெளிகள் நீரையும் தூசியையும் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. பழைய சட்டை வேண்டாம். அதில் பொத்தானும் தடித்த தையலும் உண்டு. துண்டுகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

முன்பே படிந்துவிட்ட உப்பு வளையங்களுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து துணியில் நனைத்துச் சற்று நேரம் வைத்து, பின் நன்றாக அலசினால் பெரும்பாலும் கரைந்துவிடும். இறுதியில் காரைச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி அதிலுள்ள ஈரத்தையும் போக்கவேண்டும்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். காலைதோறும் காய்ந்த துணியால் காரைத் தூசு தட்டுவது ஓட்டுநர் பலரின் வழக்கம். அன்புடன் செய்யும் அந்தச் செயலே அதிகமான கீறல்களை உண்டாக்குகிறது. புழுதி படிந்த காரின்மீது உறை போடுவதும் அத்தகையதே. காற்றில் உறை அசையும்போதெல்லாம் புழுதி தேய்க்கும்.

நீர் வீணாகலாமா?

எங்கள் வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடம் ஆகிறது. குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவினால் 225 லிட்டர் ஓடிப்போகும். வாளியும் குவளையும் கொண்டு நான் கழுவும்போது ஐந்து வாளிக்கு மேல் ஆவதில்லை. அதாவது 75 லிட்டர். 2019ஆம் ஆண்டில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்ததை நாம் மறக்கலாகாது.

முடிவுரை

“கீறலை அழிக்க முடியுமா?” என்ற என் கேள்விக்கு மாமா வாயால் விடை கூறவில்லை. முன்மூடியில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் பாலிஷ் செய்து காட்டினார். அங்கே கீறல்கள் மறைந்து என் முகம் தெரிந்தது. “இது கீறலை நிரப்புறது இல்ல பாப்பா. சுத்தி இருக்கிற பூச்சையும் தேய்ச்சுச் சமமாக்குறதுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிரும். அதனால இத அடிக்கடி செய்ய முடியாது” என்றார். கீறல் ஒரு நொடியில் விழுந்துவிடுகிறது. அதைப் போக்கவோ, இருக்கிற கவசத்திலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. கடுஞ்சொல்லும் அப்படித்தானோ என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்பா அந்தக் காலையில் ஒரு சொல்லும் அதிகமாகப் பேசாமல் இருந்ததன் அருமையும் அப்போதுதான் விளங்கியது.

முழுக் காரையும் பாலிஷ் செய்யும் செலவு இப்போது எங்களுக்கு இயலாது. இடப்பக்கக் கதவுகளில் என் கீறல்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் சனிக்கிழமைதோறும் மாலையில் அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் காரைக் கழுவுகிறோம். அதன்பின் புதிதாக ஒரு கீறலும் விழவில்லை. சென்ற மாதம் வேறொருவர் மாத வாடகைக்கு வண்டியைப் பேசி முடித்தார். “வண்டிய நல்லா வச்சிருக்கீங்களே” என்று அவர் சொன்னபோது, அப்பா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. தோழியரே, உங்கள் தந்தையோ, அண்ணனோ, பள்ளி வண்டி ஓட்டும் ஐயாவோ இனிக் காரைத் துடைக்கக் காய்ந்த துணியை எடுத்தால், “முதலில் தண்ணீர், பிறகுதான் துணி” என்று அன்புடன் எடுத்துக் கூறுங்கள். நான் பட்டு அறிந்ததை நீங்கள் படித்து அறிந்தால், இக்கட்டுரையின் பயன் நிறைவேறும்.