சந்தையும் கேள்விப்பத்திரமும்: புதுக்குடியிருப்பில் பிரதேச சபையால் என்ன செய்ய முடியும்?

வன்னியில் தேர்தல் வந்தால் தொழிற்சாலைப் பேச்சும் கூடவே வரும். அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையும் சம்பளம் கொடுத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை வருவதும் வராததும் கொழும்பில் தீர்மானிக்கப்படும் விடயம். 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களின் நிர்வாகத்தில் இருந்தபின், 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் உறுப்பினர்கள் மீண்டும் தெரிவானார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியது வேறு.

பிரதேச சபை என்றால் குப்பை, தெருவிளக்கு, மயானம் என்றே பழகிவிட்டோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அதைவிட அகலமானது. பொதுச்சந்தைகளை அமைத்து நடத்தலாம். வேலைவாய்ப்புத் திட்டங்களுக்கும் கிராமியப் பெண்களின் மேம்பாட்டுக்கும் சபை நிதியைச் செலவிடலாம். நிதிதான் குறைவு. ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை, சந்தைக் குத்தகை ஆகியவற்றோடு அரசின் மானியமும் வந்தால்தான் வண்டி ஓடும். ஆகவே, பெரிய பணம் தேவைப்படாத இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது சந்தை. ஒரு விவசாயி 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுவருகிறார். தராசு 100 காட்டுகிறது. துண்டில் 90 என்று எழுதுகிறார்கள். அழுகல், ஈரம், காம்பு என்று காரணம் சொல்வார்கள். கழித்த 10 கிலோவும் பிறகு கடையில் விலைக்கே போகிறது. வடக்கின் மரக்கறிச் சந்தைகளில் இந்தப் பத்து வீதக் கழிவு நெடுங்கால வழக்கம். அதிகாரிகள் கூடித் தடை என்று அறிவிப்பார்கள். கொஞ்ச நாளில் பழைய கணக்கு திரும்பிவிடும். விதைக்கும் பசளைக்கும் கடன்பட்டுத் தோட்டம் செய்யும் குடும்பத்துக்கு அந்தப் பத்துக் கிலோதான் இலாபம்.

பொதுச்சந்தை சபையின் சொத்து. அதைக் குத்தகைக்கு விடும்போது எழுதப்படும் நிபந்தனைகளில்தான் சபையின் உண்மையான பொருளாதாரக் கொள்கை இருக்கிறது. கழிவு எடுப்பவரின் கடை ஒப்பந்தம் இரத்தாகும் என்று எழுதலாம். முத்திரையிட்ட தராசு ஒன்றை வாசலில் வைக்கலாம். அன்றைய மொத்த விலையைப் பலகையில் போடலாம். நிலத்தில் சாக்கு விரித்துக் கீரையும் கச்சானும் விற்கும் பெண்ணிடம் எவ்வளவு அறவிடலாம் என்பதைப் பற்றுச்சீட்டில் அச்சிடலாம். அதிகக் கேள்வி கேட்பவருக்கே குத்தகை என்றால் சபையின் வருமானம் கூடும்தான். ஆனால் குத்தகைகாரர் அந்தப் பணத்தை அந்தப் பெண்ணிடம்தான் எடுப்பார். குத்தகைத் தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்கும் துணிச்சல் சபைக்கு வேண்டும்.

போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கு உதவி என்ற பெயரில் வந்த நுண்நிதிக் கடன், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்குக் கழுத்தை நெரித்தது. இன்னொரு கடனால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சந்தையில் கூரை, குடிதண்ணீர், பூட்டுப்போடாத மலசலகூடம் ஆகிய மூன்றும் இருந்தால் காலையில் வந்த பெண் மத்தியானம் வரை இருந்து விற்பாள்.

கட்டடம் மட்டும் எழுந்தால் போதாது என்பதற்கு வவுனியாவே சாட்சி. பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று 2016இல் பெரும் சர்ச்சை நடந்தது. கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டி, பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, சபை செலவழிக்கும் பணம். மதகு, வடிகால், உள்வீதி என்று எந்த வேலை நடந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கூலி யார் வீட்டுக்குப் போகிறது? குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கே கொடுக்க அரச கொள்முதல் நடைமுறை இடமளிக்கிறது. வெளியூர் ஒப்பந்தகாரர் ஆட்களோடு வந்து திரும்பினால் எங்களுக்கு மிஞ்சுவது வீதி மட்டும். சங்கம் செய்தால் வீதியும் கிடைக்கும், ஊர் மேசனுக்குக் கூலியும் கிடைக்கும்.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரசபை இதையே பெரிய அளவில் செய்தது. நம்பியிருந்த பாரிய வணிக வளாகத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. அதன்பின் சபை, காவல்துறை, கல்லூரி போன்ற நிறுவனங்கள் எங்கே பொருள் வாங்குகின்றன என்று கணக்கெடுத்தார்கள். 2012–13இல் அந்தச் செலவில் 5 வீதமே நகருக்குள் தங்கியது. 2016–17இல் அது 18 வீதத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டின் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான பொறியியலாளர் ஆர். இளங்கோ, ஊர் ஆட்களின் உழைப்பில் அழுத்திய மண்கற்களால் வீடுகள் கட்டுவித்தார். பிரெஸ்டனைப் போலப் பெரிய நிறுவனங்கள் எங்களிடம் இல்லை. ஆனாலும் வைத்தியசாலை, பாடசாலைகள், பிரதேச செயலகம் எல்லாம் மரக்கறியும் தளபாடமும் சீருடையும் வாங்கத்தான் செய்கின்றன. அவற்றின் அதிகாரிகளையும் உள்ளூர் உற்பத்தியாளர்களையும் ஒரே மேசையில் இருத்தும் வேலையைத் தவிசாளர் செய்யலாம். அதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை.

நிலைத்து நிற்கும் வருமானம் என்று பேசும்போது கிறவலையும் மணலையும் விட்டுவிட முடியாது. அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். டிப்பர் உடைப்பதோ சபையின் வீதியை. சில பேருக்குச் சில மாதக் கூலி, ஊருக்குக் காலத்துக்கும் குழி. இதை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. மாறாக, சந்தையில் நாளாந்தம் குவியும் மரக்கறிக் கழிவைத் தரம்பிரித்துச் சேதனப் பசளையாக்கினால் சிலருக்கு நிரந்தர வேலை கிடைக்கும், தோட்டங்களுக்கும் பயன்படும். 2021இல் இரசாயனப் பசளை ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டை எங்கள் விவசாயிகள் மறக்கவில்லை. அப்போது கையில் சேதனப் பசளை இருந்த சபைகளுக்கு அதன் பெறுமதி தெரியும்.

சந்தைக் குத்தகையை யார் எடுத்தார், எந்த நிபந்தனையில், கடந்த ஆண்டு வேலைகளில் எத்தனை உள்ளூர்ச் சங்கங்களுக்குப் போயின என்பதை அறிய உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பாதீட்டுக்கு முன்பே, ஒக்டோபரில் கேட்டுவிடுவது நல்லது.