வெட்டாத காட்டுக்கு விலை பேசுவது எப்படி?

கெடாவின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில் இரண்டு அணைகள் இருக்கின்றன. மூடா அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் காடு பெரியது, ஏறத்தாழ 980 சதுர கிலோமீட்டர். ஆனால் அணைக்குள் அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கப் போதுமான இடம் கிடையாது. பக்கத்துப் பெடு அணையின் கதை நேர்மாறு. அதன் ஏரி மூடாவைப் போல ஆறு மடங்குக்கும் மேல் கொள்ளும். அதற்கு வாய்த்த காடோ 170 சதுர கிலோமீட்டர்தான். ஒன்றுக்கு வரத்து உண்டு, கொள்ளளவு இல்லை. மற்றதற்குக் கொள்ளளவு உண்டு, வரத்து இல்லை. 1960களின் இறுதியில் பொறியாளர்கள் மலையைக் குடைந்து, ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கம் ஒன்றால் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். அலோர் ஸ்டாரைச் சுற்றி ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைவது இந்த ஏற்பாட்டால்தான்.

உலக வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய திட்டம் அது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் கூலிக்கும் வட்டிக்கும் கணக்கு எழுதப்பட்டது. காட்டுக்கு எழுதப்படவில்லை. அது சும்மா அங்கே இருந்தது. இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்டின் பெயர் உலு மூடா. ஏறத்தாழ 1,60,000 ஹெக்டர். யானைகள் உப்பு மண் தின்ன வரும் ஊற்றுகளும் இருவாச்சிகள் கூடு வைக்கும் பெருமரங்களும் அங்கே உண்டு. கெடா குடிக்கும் தண்ணீரும் பெர்லிஸ் வாங்கும் தண்ணீரும் அங்கிருந்து வருகின்றன. மூடா ஆறு கடலை நெருங்கும்போது கெடாவுக்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் எல்லைக் கோடாக ஓடுகிறது. தன் கரையிலிருந்து பினாங்கு இறைத்துக்கொள்ளும் நீர்தான் அந்த மாநிலத்தின் கச்சா நீரில் 80 விழுக்காடு அளவுக்கு வரும்.

இதற்குத்தான் ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கொடு என்று கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி கேட்டார். காட்டை வெட்டாமல் வைத்திருக்கிறோம், அதனால்தான் உங்கள் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது கெடாவின் வாதம். ஆறு இயற்கையாக ஓடுகிறது, எங்கள் கரையில் நாங்கள் எடுக்கிறோம், இதற்கு ஏன் காசு என்பது பினாங்கின் பதில். கோப்பிக் கடையில் இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கட்சிச் சண்டையாகவே பேசுகிறார்கள். அரசியல் இருக்கிறதுதான். ஆனால் அதற்கு அடியில் கிடப்பது, இன்று உலகம் முழுக்க அறிவியலாளர்களும் நிதியமைச்சர்களும் மோதிக்கொள்ளும் ஒரு கேள்வி: இயற்கையைக் காப்பதற்கான செலவை யார் தருவது, எந்தக் கணக்கில் தருவது?

கெடாவின் நிலையை ஒரு நிமிடம் நியாயமாகப் பார்ப்போம். மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். வருமான வரி போன்ற பெரிய வரிகள் எல்லாம் கோலாலம்பூருக்குப் போய்விடுகின்றன. ஒரு மாநிலம் சொந்தமாகப் பணம் பார்க்க வழி என்றால் நில வரி, நிலம் கைமாற்றும்போது கிடைக்கும் தொகை, கனிமம், வெட்டு மரம். காட்டை வெட்டினால் கஜானாவுக்கு வரவு. வைத்திருந்தால் காவலுக்குச் செலவு. அதன் பலன் ஆற்றோடு பக்கத்து மாநிலத்துக்குப் போகிறது. கேட்ட விதம் மிரட்டல் போல இருக்கலாம், கணக்கு பொய்யில்லை.

சரி, விற்பனைக்கு வந்திருக்கும் சரக்கு என்ன? தண்ணீரா? இங்கேதான் பலர் எதிர்பார்க்காத திருப்பம் இருக்கிறது. காடு இருந்தால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். பஹாங்கில் தெக்காம் ஆற்றுப் படுகையில் 1970களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்ட பகுதியில் ஆற்று நீரின் மொத்த அளவு குறையவில்லை, கூடியது. காரணம் எளிது. பெருமரம் ஒரு பெரிய குடிகாரன். வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்கிவிடுகிறது. மழையின் ஒரு பங்கு இலைமேலேயே தங்கி, மண்ணைத் தொடாமலே காற்றில் கலந்துவிடுகிறது. மரத்தை வெட்டினால் அந்தப் பங்கும் ஆற்றுக்கு வரும்.

அப்படியானால் வெட்டிவிடலாமா? மூடா அணையை மறுபடி நினைத்துப் பாருங்கள். சிறிய ஏரி, அளவான ஒரு சுரங்கம். காட்டுத் தரையில் சருகு, வேர், புழு துளைத்த மண் எல்லாம் சேர்ந்து மழையை உள்ளே இறக்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. மொட்டை மலையிலோ மழை மண்ணோடு சேர்ந்து ஒரே மூச்சில் இறங்கும். சுரங்கம் தன்னால் முடிந்ததைத்தான் பெடுவுக்கு அனுப்பும். மிச்சம் அணையைத் தாண்டி வெள்ளமாகப் போகும். பிப்ரவரி வறட்சியில் விதைக்கக் காத்திருக்கும் விவசாயிக்கு நவம்பர் வெள்ளத்தால் என்ன பயன்? கூடவே வரும் வண்டல் ஏற்கெனவே ஆழமில்லாத ஏரியைத் தூர்த்துவிடும். உலு மூடா தண்ணீரை உண்டாக்குவதில்லை. அது வர வேண்டிய நேரத்தையும் அதன் தெளிவையும் காக்கிறது. விலை பேச வேண்டிய சரக்கு அதுதான்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரம் 1997இல் தன் தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது. வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும். மேலே இருக்கும் நிலத்தையும் ஓடைகளையும் காக்க விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் கொடுத்தால் ஏறத்தாழ 150 கோடியில் முடியும். நகரம் இரண்டாவதைத் தேர்ந்தது. கேட்டவனும் கொடுத்தவனும் ஒரே மாநிலத்துக்காரர்களாக இருந்தும் அங்கே பேச்சு எளிதாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பணம் திரட்ட இன்னொரு வழியும் உண்டு; இன்று அதிகம் பேசப்படுவது அதுதான். ஓர் இடத்தில் இயற்கையை அழிக்கிறவர், இன்னோர் இடத்தில் அதே அளவு இயற்கையை உண்டாக்க வேண்டும் அல்லது அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். பல்லுயிர் ஈடுசெய்தல் என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் சதுப்பு நிலங்களுக்கு இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நிரப்பிய சதுப்புக்குப் பதிலாகச் சதுப்பு வங்கியில் புள்ளிகள் வாங்கலாம். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரும்பாலான கட்டுமானங்கள் இயற்கை மதிப்பை முன்பிருந்ததைவிட 10 விழுக்காடு கூட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட உலகப் பல்லுயிர்த் திட்டம், ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று சொல்லி, அதற்கான வழிகளில் ஒன்றாக இதையும் எழுதிவைத்தது. முதலில் அழிவைத் தவிர், பிறகு குறை, பிறகு சீராக்கு, இவை எல்லாம் முடிந்த பின் மிஞ்சியதற்கு மட்டும் ஈடுசெய் என்பது ஏட்டில் உள்ள ஒழுங்கு. நடைமுறையில் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறவர்களே அதிகம்.

இது நம் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து இயங்கும் ஆர்எஸ்பிஓ என்ற செம்பனை எண்ணெய்க் கூட்டமைப்பு, 2005 நவம்பருக்குப் பிறகு முறையான ஆய்வு செய்யாமல் காட்டை அழித்து நட்ட உறுப்பு நிறுவனங்கள் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. நிலத்துக்கு நிலம் காக்கலாம். அல்லது ஹெக்டருக்கு 2,500 அமெரிக்க டாலர் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தரலாம். அழித்த இடம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறார்கள். அடர்ந்த காடாக இருந்திருந்தால் 1. சிதைந்த காடு என்றால் 0.7. பலவகை மரங்கள் கலந்த தோப்பு 0.4. ஒரே பயிர் நட்ட தோட்டமாக இருந்திருந்தால் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் பால்மரத் தோட்டத்துக்குப் பல்லுயிர் மதிப்பே இல்லை. ஆனால் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு வைத்திருக்கும் வரையறையில் பால்மரத் தோட்டமும் காடுதான்; செம்பனைத் தோட்டம் காடு இல்லை. மலேசியாவில் நிரந்தர வனக் காப்பகங்களுக்குள்ளேயே இயற்கைக் காட்டை அழித்து, பாலும் பலகையும் தரும் குளோன் ரப்பர் நட்டிருக்கிறார்கள்; அந்த நிலம் ஏட்டில் வனமாகவே தொடர்கிறது. ஒரே மரம் ஒரு ஏட்டில் பூஜ்யம், இன்னோர் ஏட்டில் காடு. நிரை பிடித்து நட்டு, இருட்டில் எழுந்து பால் வெட்டப் போன தலைமுறையிடம் கேட்டிருந்தால், தோட்டம் எது காடு எது என்று எந்த வரையறையும் பார்க்காமல் சொல்லியிருப்பார்கள். செம்பனை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு கட்டுரை, இயற்கைக் காட்டில் காணப்படும் விலங்கினங்களில் சராசரியாக 15 விழுக்காடே செம்பனைத் தோட்டத்திலும் இருப்பதாகச் சொன்னது.

ஈடுசெய்தலின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான். பரிமாற்றம் நடக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே அலகு வேண்டும். பணத்துக்கு ரிங்கிட் இருக்கிறது, கரிமத்துக்கு டன் இருக்கிறது. உயிருக்கு என்ன அலகு? பரப்பை எடுத்து, தரத்தால் பெருக்கி, அரிதான தன்மையால் மறுபடி பெருக்கி ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். பல இடங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். சில இடங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பாலிங் நகருக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்பு மலையைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய மலைகளில் வாழும் சில நத்தைகள் அரிசிமணி அளவுகூட இருக்காது. ஓடு கட்ட அவற்றுக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுற்றியிருக்கும் அமில மண்ணைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக அவற்றால் முடியாது. ஆகவே ஒவ்வொரு மலையும் தரைமேல் நிற்கும் தீவு. லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் தனி இனம் உருவாகிவிடுகிறது. பஹாங்கின் பஞ்சிங் மலையில் மட்டும் இருந்த ஒரு நத்தை, கல் உடைத்து மலையே தீர்ந்தபோது உலகிலிருந்து தீர்ந்தது. ஈப்போவுக்கு வடக்கே கந்தான் மலையில் 2014இல் அடையாளம் கண்ட ஒரு நத்தைக்கு, அப்போது அங்கே கல் உடைத்துவந்த சிமெண்ட் நிறுவனமான லஃபார்ஜின் பெயரையே அறிவியலாளர்கள் சூட்டினார்கள். அழிந்தால் யார் கணக்கில் என்பது பெயரிலேயே பதிவாகட்டும் என்றுதான். அந்த மலைக்கு ஈடாக வேறு எந்த மலையைக் கொடுப்பது?

கெடா மக்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி நிலமேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கோயில் கட்டுமானம் அது. அதைத் திரும்பக் கட்டிவிடலாமே என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இந்தியாவில் ஈடுசெய்தலின் உச்சம் நடக்கிறது. பெரிய நிக்கோபார் தீவில் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் போகிறது; அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நட முடிவெடுத்தார்கள். ஏட்டில் வரவும் செலவும் நேராகிவிடும். நிக்கோபாரின் ஆமைக்கும் மெகாபோட் பறவைக்கும் ஹரியானாவில் வேலை இல்லை.

மலேசியாவிலும் சட்டம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. தேசிய வனச் சட்டத்தில் 2022இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம், வனக் காப்பகத்திலிருந்து நிலத்தை விலக்கினால் மாற்று நிலம் கொடுக்க வேண்டும், முதலில் மக்கள் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். மக்களைக் கேட்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது; மாற்று நிலம் அவ்வளவாக இல்லை. உலு மூடாவின் ஒரு பகுதியை விலக்கிவிட்டு வேறு எங்கோ காப்பகம் அறிவித்தால், அங்கே பெய்யும் மழை பெடுவுக்கு வராது.

சந்தையை நம்பி இறங்கியவர்களின் அனுபவத்தையும் பார்க்கலாம். சபாவில் மலுவா வனக் காப்பகத்தின் 34,000 ஹெக்டரை வைத்து 2008இல் ஒரு பல்லுயிர் வங்கி தொடங்கினார்கள். 100 சதுர மீட்டர் காட்டுக்கு ஒரு சான்றிதழ், விலை 10 டாலர். எல்லாம் விற்றால் 3.4 கோடி டாலர். வேறு இடத்தில் அழிப்பதற்கு இதை உரிமமாகக் காட்டக் கூடாது என்று நேர்மையாக விதியும் வைத்தார்கள். அதனாலேயோ என்னவோ, வாங்க ஆள் வரவில்லை, விற்பனை சொற்பம். கட்டாயம் இல்லாத இடத்தில் ஒராங் ஊத்தானுக்காகப் பை அவிழ்ப்பவர்கள் குறைவு. கட்டாயம் இருக்கும் இடத்திலோ மலிவான நிலத்தைத் தேடிப் போகிறார்கள்.

மிஞ்சுவது அரசாங்கத்தின் கஜானா. மத்திய அரசாங்கம் 2019 பட்ஜெட்டில் காடு காக்கும் மாநிலங்களுக்கென்று 6 கோடி வெள்ளி ஒதுக்கியது. நாடு முழுவதற்கும் 6 கோடி. கெடா பினாங்கிடம் மட்டும் கேட்டது 5 கோடி. தொகை வளர்ந்து 2025 பட்ஜெட்டில் 25 கோடி ஆனது. என் பார்வையில் ஈடு நிலம் தேடுவதைவிடவும் சான்றிதழ் விற்பதைவிடவும் இது நேரான வழி: இருக்கும் காட்டை, அது இருக்கும் இடத்திலேயே வைத்திருப்பதற்குக் கூலி. ஆனால் மாநிலத்துக்குப் போன பணம் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பது தனிக் கணக்கு. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங்கின் கூப்பாங் வட்டாரத்தில் மலையிலிருந்து சேறும் மரத்துண்டுகளும் திடீர் வெள்ளமாக இறங்கி மூன்று உயிர்கள் போயின. மேலே இனாஸ் மலையில் காடு அழித்துத் தோட்டம் போட்டதுதான் காரணமா என்ற கேள்வியை ஊர்மக்கள் எழுப்பினார்கள். காட்டைக் காக்கும் கூலி எந்த வழியாகப் போனாலும், தவறினால் அடிவாங்கும் முதல் ஆட்கள் அவர்கள்தான்.

பினாங்கு இதற்குள் வேறு வாசலைத் தட்டத் தொடங்கிவிட்டது. மூடா ஆற்றை மட்டும் நம்பியிருக்காமல் பேராக் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அந்த ஆறு உற்பத்தியாவது ராயல் பெலும் காடுகளில். கச்சா நீர் தர மாட்டோம், சுத்திகரித்து விற்கிறோம் என்று பேராக் சொல்லியிருக்கிறது.