சிலாபத்து வேட்டும் கணிப்பொறியின் நிறுத்தக் குறியும்

வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான கடற்கரை ஊர்களில் முத்துச்சிலாபம் என்ற சொல் இன்று முதியோர் நினைவில்தான் வாழ்கிறது. தூத்துக்குடிச் சிலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றது. எனினும் மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் பெயர்பெற்ற அத்தொழிலில், கணிப்பொறி பயிலும் மாணவர் கருதத்தக்க முறையொன்று உண்டு.

இலங்கைக் கரையின் பெருஞ்சிலாபங்களில் நண்பகலையொட்டி வேட்டொலி எழும். அதன்பின் புதிதாக எவரும் மூழ்கலாகாது; ஆயினும் ஆழத்தில் இருப்பவரைக் கைவிட்டுத் தோணி புறப்படுவதில்லை. கயிறு பிடிப்போர் அவரை மேலே இழுத்துக்கொண்ட பின்னரே கரை நோக்கித் திரும்பும். கரையிலுள்ள கொட்டில் சிப்பிகளை எண்ணிப் பங்கிட்டால்தான் அன்றைய வேலை முடிந்ததாகும்.

கல்லூரிக் கட்டணத்தை வலைவழியே செலுத்தும் இந்நாளில், மறுமுனையில் ‘சர்வர்’ எனப்படும் வழங்கி உழைக்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்க அதனை நிறுத்த நேரும். அக்கணத்தில் ஒரு மாணவரின் பணம் வங்கியில் கழிந்து, கல்லூரிப் பதிவேட்டில் ஏறாதிருந்தால் அவர் நிலை என்னாகும்?

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் 15 என்னும் எண்ணுடைய ‘சிக்டெர்ம்’ ஒரு வேண்டுகோள். நிரல் தன் வேலையை ஒழுங்குசெய்துகொண்டு விலகலாம். 9 என்னும் எண்ணுடைய ‘சிக்கில்’ நிரலின் காதில் விழுவதே இல்லை. இயக்குதளம் அதனை மாய்த்துவிடும். ‘என்ஜின்எக்ஸ்’ வழங்கியிலோ சிக்டெர்ம் விரைவு நிறுத்தம். ‘சிக்குவிட்’ என்பதே அமைதியான நிறுத்தம். அதனைப் பெற்றதும் பணி நிகழ்முறைகள் புதிய இணைப்பை ஏற்காது, கையிலுள்ளதை முடித்து வெளியேறும்.

இழைகளின் செய்தி வேறு. ஒரு நிகழ்முறைக்குள் இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. பூட்டொன்றைப் பிடித்திருக்கும் இழையை வலிந்து கொன்றால், பூட்டு திறவாது கிடக்கும். ஏனைய இழைகள் முடிவின்றிக் காத்து நிற்கும். ஆதலின் ‘நிற்க’ என்னும் கொடியை உயர்த்தி, பணிகளுக்கிடையே இழை அதனைக் கண்டு தானே திரும்புமாறு எழுதவேண்டும். பணிவரிசையருகே உறங்கும் இழை கொடியைக் காணாது; அதனை எழுப்பவும் வேண்டும். நிரல் எழுதுவோர் எளிதில் மறப்பது இதனையே.

எவ்வளவு நேரம் காப்பது? மாற்றி அமைக்காவிடில் ‘குபர்நெட்டிஸ்’ 30 நொடியும் ‘சிஸ்டம்டி’ 90 நொடியும் தரும்; பின்னர்ச் சிக்கில்தான். குளியாளின் மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடமே ஆதலால் தோணிக்குக் காத்தல் எளிது. நீண்ட பணியாயின், அதனைத் துண்டுகளாக்கி, முடிந்ததைப் பதிந்து, எஞ்சியதை மீண்டும் வரிசையில் இடல் நன்று. தரவுத்தள இணைப்பை இறுதியிலேயே மூடவேண்டும். தோணிகள் வருமுன் கொட்டைப் பூட்டுவார் உண்டோ?

மின்சாரம் திடீரெனப் போயின் வேட்டொலியே இராது. அதன்பொருட்டே ஒவ்வொரு கட்டணத்திற்கும் தனியெண் இட்டு, அது இருமுறை வந்தாலும் ஒருமுறையே பதியுமாறு செய்கின்றனர்.