நாலு கேமரா, ஒரே திரை... தோட்டத்துக் காவலில் கவனிக்க வேண்டியவை!

ஆட்டுக்கொட்டகைக்கு ஒன்று, கிணற்று மோட்டாருக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று எனத் தோட்டத்தில் கேமரா வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கையில் காசு வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்குவதால், ஆளுக்கொரு கம்பெனி, கம்பெனிக்கொரு செயலி. ராத்திரி நாய் குரைத்தால், எந்தச் செயலியைத் திறப்பது என்று தேடி முடிப்பதற்குள் ஆட்டை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விடும்.

எல்லாக் கேமராக்களையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும் மென்பொருள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ‘என்.வி.ஆர்’ எனப்படும் ரெக்கார்டர் பெட்டியிலேயே இந்த வசதி உண்டு. பழைய கம்ப்யூட்டர் இருந்தால், ‘ஜோன்மைண்டர்’ போன்ற இலவச மென்பொருளையும் போட்டுக்கொள்ளலாம். விவரம் தெரிந்த ஒருவர் உடனிருந்தால்தான் அது சரிப்படும்.

வெவ்வேறு கம்பெனி கேமராக்கள் ஒரே திரையில் சேர வேண்டுமானால், அட்டைப்பெட்டியில் ‘ஆன்விஃப்’ என்ற பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். ஆக்ஸிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008-ல் தொடங்கிய பொது முறை அது. பேட்டரி, சோலாரில் ஓடும் சிம் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. வாங்கிய பிறகு புலம்பிப் பயனில்லை.

அடுத்தது டேட்டா. இங்கேதான் பலரும் சூடுபடுகிறார்கள். ஒரு கேமரா தெளிவான படத்தை அனுப்ப, விநாடிக்கு சுமார் 2 மெகாபிட் பிடிக்கும். நாலு கேமராவுக்கு 8 மெகாபிட். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி! தினம் 2 ஜி.பி தரும் சிம் என்றால், அரை மணி நேரத்தில் காலி. இந்தச் செலவு பார்ப்பவரின் போனில் மட்டுமல்ல, தோட்டத்து ரவுட்டரில் இருக்கும் சிம்மிலும் ஏறும். இதற்கு வழி, மென்பொருளில் உள்ள ‘சப் ஸ்ட்ரீம்’. இது அதே காட்சியைச் சிறிய படமாக அனுப்பும். ஒரு கேமராவுக்குக் கால் மெகாபிட் என்று வைத்தால், அதே 2 ஜி.பி-யில் நாலு கேமராவையும் 4 மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். சந்தேகப்பட்ட கட்டத்தை மட்டும் தொட்டுப் பெரிதாக்கினால் போதும்.

தெளிவான பதிவு தோட்டத்து ரெக்கார்டரிலேயே இருக்கட்டும். இரவு பகலாகப் பதிந்தால், நாலு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 86 ஜி.பி ஆகும். 1 டி.பி ஹார்டு டிஸ்க்கில் 11 நாள் பதிவு நிற்கும். திருடன் முதலில் தேடுவதே அந்தப் பெட்டியைத்தான். கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அசட்டை கூடவே கூடாது. 2016-ல் ‘மிராய்’ என்ற கெடுநிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களை உலகம் முழுக்கக் கைப்பற்றியது. பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். வேலைக்கு வரும் பெண்கள் உடை மாற்றும், ஓய்வெடுக்கும் பக்கம் கேமராவைத் திருப்புவது பெரிய தப்பு.

விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ‘ஆள் நடமாட்டம்’ தெரிந்தால் மட்டும் போன் ஒலிக்கும்படி வைக்கலாம். ஆனால், இரவு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தேடி சிலந்தி லென்ஸ் மேலேயே வலை கட்டும். வலை ஆடினாலும் சில கேமராக்கள் அலறும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்துவிட வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் இருட்டு. ஆகவே கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் மூன்றுக்கும் சேர்த்தே யு.பி.எஸ் இணைப்பு கொடுக்க வேண்டும்.