றேடியேற்றரை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோமா?

எமது விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு லொறி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் யப்பானில் செய்யப்பட்டு, அங்கே ஓடிக் களைத்த பின்னர் இங்கே வந்து சேர்ந்த நான்கு சிலிண்டர் டீசல் லொறி அது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயமும் பீற்றூட்டும் தம்புள்ளைச் சந்தைக்குப் போவது அதில்தான். அது ஓடினால் அங்கத்தவர்களின் வீட்டில் அடுப்பெரியும். அது நின்றால், இடைத்தரகர் வீட்டு வாசலில் வந்து சொல்லும் விலைக்கே வெங்காயத்தைக் கொடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, மாங்குளம் கடந்து சிறிது தூரத்தில் அந்த லொறி நின்றுவிட்டது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. சந்தைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில், சாரதிக்கு உதவியாகச் சென்ற இளைஞன் ஒரு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திருகினான். கொதிநீர் பீறிட்டு அவனது வலக்கையையும் நெஞ்சையும் அவித்துவிட்டது. அவன் வைத்தியசாலையில் இருந்தது மூன்று வாரம். வெங்காயம் ஒரு நாள் பிந்திச் சந்தைக்குப் போய்ப் பாதி விலைக்கு விற்றது. என்ஜினின் ஹெட் காஸ்கெற் எரிந்து, ஹெட்டும் வளைந்து, அதை மட்டம் சீவ வேண்டியதாயிற்று.

இவற்றுள் எம்மை மிகவும் வெட்கப்பட வைத்தது வேறொன்று. அந்த றேடியேற்றர் பழையதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, எல்லாரிடமும் பணம் சேர்த்துப் புதிதாக வாங்கிப் பூட்டியது. அது ஏன் இவ்வளவு விரைவில் செத்தது என்ற கேள்விக்கு நாம் தேடிக் கண்ட பதிலையே இங்கு எழுதுகிறோம். பழைய லொறியை வைத்திருக்கும் ஏனைய சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

மேற்றாங்கியைத் திறந்தபோது

மெக்கானிக் பழைய றேடியேற்றரின் மேற்றாங்கியைச் சூடாக்கிக் கழற்றி எம்மிடம் காட்டினார். உள்ளே நிரை நிரையாக இருக்கும் மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன. கேத்தலின் அடியில் படியுமே, அதே வெள்ளைக் கல். “இது வேறெங்கிருந்தும் வரவில்லை, உங்கள் கிணற்றிலிருந்து வந்தது” என்றார் அவர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது அக்கல்லையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆகவேதான் எமது கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராக இருக்கிறது. அந்த நீரைச் சூடாக்கினால் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கேத்தலில் நடப்பதே லொறியின் என்ஜினுள்ளும் நடக்கிறது. இவ்வாறு படியும் கல், செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய படையாகப் படிந்தாலும் வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

ஒரு முறை ஊற்றிய கிணற்று நீர் மட்டும் இவ்வளவு தீமை செய்யாது. அதில் உள்ள சுண்ணாம்பு படிந்து முடிந்தால் அதோடு சரி. எமது லொறியிலோ கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து ஒரு சிறு ஒழுக்கு இருந்தது. முதன்முறை றேடியேற்றரை மாற்றியபோது செலவைக் குறைக்க எண்ணிப் பழைய ஹோஸையும் கிளிப்பையுமே திரும்பப் பூட்டியிருந்தோம். சாரதி காலைதோறும் ஒரு போத்தல் தண்ணீர் விட்டு வந்தார். நாளொன்றுக்கு ஒரு லீற்றர் எனக் கொண்டால் ஆண்டுக்கு 365 லீற்றர். இத்தகைய லொறி ஒன்று கொள்ளும் தண்ணீர் 12 லீற்றர் அளவுதான். அதாவது ஓர் ஆண்டில் முப்பது தடவை முழுவதும் புதிய சுண்ணாம்பு நீரை ஊற்றியிருக்கிறோம். ஒழுகியது தண்ணீர், உள்ளே தங்கியது கல்.

மூடி ஏன் சுடுகிறது?

டீசல் எரியும்போது பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் லொறியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதைத் தண்ணீரே என்ஜினிலிருந்து சுமந்து வந்து றேடியேற்றரில் காற்றிடம் கொடுக்க வேண்டும்.

றேடியேற்றர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுவே. திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் அளவுள்ள மூடியின் கீழ் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விழுந்து, உள்ளே இருக்கும் நீர் அக்கணமே கொதித்து வெடித்து வெளியேறும். சாக்கோ துணியோ அதைத் தடுக்காது. எமது இளைஞனுக்கு இதை எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது அவன் குற்றமன்று, எமது குற்றம்.

என்ஜின் கொதித்தால் லொறியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்து, கையால் தொட்டுக்கொண்டிருக்கக் கூடிய அளவுக்கு மேல் ஹோஸ் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஆகலாம். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, ஹெட் வெடித்துவிடக்கூடும்.

குற்றம் றேடியேற்றரில்தானா?

என்ஜின் சூடேறியதும் றேடியேற்றரையே குற்றம் சொல்வது வழக்கம். பணம் செலவழிக்கும் முன் பின்வருவனவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

விசிறிப் பெல்ற் தளர்ந்துள்ளதா? வோட்டர் பம்பின் அடியில் ஈரம் தெரிகிறதா? மூடியின் றப்பர் வெடித்துள்ளதா? றேடியேற்றரின் வெளித் தகடுகளில் வைக்கோல் தூசும் பூச்சிகளும் சேறும் அடைத்துள்ளனவா? அறுவடைக் காலத்தில் வன்னியில் நெல் ஏற்றும் லொறிகளுக்கு இது அடிக்கடி நேரும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்தாலே பல லொறிகள் குணமாகிவிடும்.

அடுத்தது தேர்மோஸ்ரற். இது ஏறத்தாழ 80 பாகையில் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் சிறு கதவு. எமது நாடு வெப்பமான நாடு, இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடுவோர் பலர். அது தவறு. அது இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டை அடைய நெடுநேரமாகும். டீசல் கூடச் செல்லும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றுவதால் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு. அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, ஆறிய என்ஜினை மூடி திறந்த நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். இடைவிடாது குமிழிகள் வந்தால் ஹெட் காஸ்கெற் பழுதாகியிருக்கக்கூடும். அப்போது புதிய றேடியேற்றரால் பயனில்லை.

செம்பா, அலுமினியமா?

பழைய லொறிகளுக்கு வந்தவை செம்புக் குழாயும் பித்தளைத் தாங்கியும் கொண்டவை. ஒழுகினால் ஈயம் வைக்கலாம். அடைத்தால் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம். இப்போது விற்கப்படுபவற்றில் அலுமினியக் குழாயும் பிளாஸ்ரிக் தாங்கியும் உள்ளவையே அதிகம். பாரமும் விலையும் குறைவு, குளிர்விப்பதிலும் குறையில்லை. ஆனால் பிளாஸ்ரிக் தாங்கி வெடித்தால் எமது ஊர்ப் பட்டறையில் அதைத் திருத்துவது அரிது.

ஆகவே செம்பு றேடியேற்றரில் ஓரிரு இடங்களில் மட்டும் ஒழுக்கு எனில் திருத்துவதே நல்லது. தகடுகள் தொட்டதும் உதிர்ந்தால், அல்லது குழாய்களில் பெரும்பகுதி அடைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மஞ்சள் தூள் போடுவதும் சவர்க்காரம் அப்புவதும் வீடு வந்து சேர்வதற்கு மட்டுமே உதவும். அலுமினியம் எதிலும் கோஸ்ரிக் சோடா விட்டுக் கழுவக் கூடாது. அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

மாற்றும் முறை

இரவு முழுவதும் ஆறிய லொறியில், காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. பற்றரியின் மறை முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். கபினைச் சாய்ப்பதாயின் தாங்குகட்டையைப் பூட்டிய பின்னரே கீழே கை வைக்க வேண்டும்.

அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து நீரை ஒரு பேசினில் பிடிக்க வேண்டும். நிலத்தில் ஓட விடலாகாது. ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுத்தால் றேடியேற்றரின் கழுத்து உடையும். அதைக் கத்தியால் நீளவாட்டில் கீறி எடுப்பதே நல்லது. எப்படியும் புதிய ஹோஸ் போடத்தானே வேண்டும். பின் விசிறி மூடியையும் பக்க போல்ற்றுகளையும் கழற்றி, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே ஒரு காட்போட் மட்டையைச் செருகிக்கொண்டு நேராக மேலே தூக்க வேண்டும்.

புதியதைப் பூட்டும் முன் இரண்டையும் அருகருகே வைத்து உயரம், தடிப்பு, ஹோஸ் வாயின் அளவு, போல்ற் துளைகள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். தடிப்புக் கூடிவிட்டால் விசிறி முட்டும்.

நாம் முதன்முறை செய்யாது விட்டது அடுத்த வேலை. தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வழமையாக ஓடும் திசைக்கு எதிராக, என்ஜினுள் தெளிந்த நீர் வரும் வரை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் என்ஜினில் கிடக்கும் துருவும் கல்லும் முதல் பயணத்திலேயே புதிய றேடியேற்றரை அடைக்கத் தொடங்கும்.

பூட்டும்போது அடியிலுள்ள றப்பர் மெத்தைகளை மறக்கக் கூடாது. எமது வீதிகளின் குலுக்கலைத் தாங்குவன அவையே. புதிய ஹோஸ், புதிய கிளிப், புதிய மூடி என்பன சிறு செலவு. மெதுவாக நீரை நிரப்பி, மூடியைப் போடாமல் என்ஜினை இயக்கினால், தேர்மோஸ்ரற் திறக்கும் வேளையில் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அந்தக் குறையை நிரப்பிய பின்னரே மூட வேண்டும். முதல் பயணம் முடிந்து ஆறியதும் மீண்டும் ஒரு முறை மட்டத்தையும் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

நாம் இப்போது மழைநீரைப் பயன்படுத்துகிறோம். ஐப்பசி, கார்த்திகை மாரியில், முதல் மழை கூரையைக் கழுவிய பின் விழும் நீரை வெள்ளைத் துணியில் வடித்து மூடிய கலன்களில் சேமிக்கிறோம். கடலோரக் கூரைகளில் உப்புப் படிந்திருக்கும். அங்குள்ளோர் காய்ச்சி வடித்த நீரை வாங்குவதே பாதுகாப்பு. மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. ஆனால் அது மட்டும் நின்றால் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே என்ஜினுக்குரிய கூலன்ற்றை, கலனில் குறித்த அளவில் கலக்க வேண்டும். எமது பகுதியில் தண்ணீர் உறைவதில்லை என்பது உண்மையே. நாம் கூலன்ற் விடுவது துருவைத் தடுக்க.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ற்றுகளில் எதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு உண்டு. அது இனிக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் பிள்ளை குடித்துவிடும். நிலத்தில் ஊற்றினால் நாயோ ஆடோ நக்கிவிடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே எதுவும் விரைவில் கிணற்றுக்குப் போய்விடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கு இல்லை. நிலத்தடி நீரே எமது உயிர். பழைய கூலன்ற்றைப் பெயர் எழுதிய கலனில் மூடி வைத்து, அதை எங்கு ஒப்படைப்பது எனப் பிரதேச சபையிடம் கேட்டறிய வேண்டும்.

கபினில் ஒரு கொப்பி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பல ஆண்டுகளின் பின்னரே படிப்படியாகத் திறக்கப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 இலேயே வழி பிறந்தது. புதிய லொறியின் விலை எம்மைப் போன்ற சங்கங்களுக்கு எட்டாதது. இருப்பதைக் காப்பதே எமக்குள்ள வழி.

யோசித்துப் பார்த்தால் எமது குறை இயந்திர அறிவில் மட்டும் இருக்கவில்லை. காலைதோறும் தண்ணீர் குறைவதைச் சாரதி கண்டார். தலைவருக்கும் தெரியும், பொருளாளருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என விட்டுவிட்டோம். லொறி எல்லாருக்கும் சொந்தமாக இருந்தது. ஒழுக்கு எவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை.

இன்று லொறியின் கபினில் ஒரு கொப்பி தொங்குகிறது. காலையில் என்ஜின் ஆறியிருக்கையில் மட்டம் பார்த்து, சேர்த்த தண்ணீரின் அளவை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு முறை தண்ணீர் சேர்த்திருந்தால் ஒழுக்கைக் கண்டு திருத்தும் வரை லொறி தம்புள்ளைக்குப் போகாது என்பது கூட்டத்தில் எடுத்த முடிவு. அந்தக் கொப்பிக்குப் பொறுப்பானவன் கை வெந்த அதே இளைஞன். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. புதிய றேடியேற்றர் பூட்டி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. அவன் எழுதிய கணக்கின்படி இதுவரை சேர்த்த தண்ணீர் ஒரு போத்தலுக்கும் குறைவு.