இரண்டாண்டு உறங்கிய கார்



உங்கள் வீட்டுக் கொட்டகையில் நெடுநாளாக ஓடாத காரோ மோட்டார் சைக்கிளோ நிற்கிறதா? அப்படியானால் சாவியைத் திருகுமுன் இதைச் சற்றுப் படியுங்கள். எங்கள் லாயாங் லாயாங்கில் என் கண்முன் நடந்தது இது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் மார்ச் 31 வரை, இரண்டு வாரம்தான் என்றார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த நம் ஜொகூர்ப் பிள்ளைகள் பலர், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முதல் நாளே மாற்றுத் துணியோடு அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். என் பழைய மாணவன் ஒருவனும் அவர்களோடு போனான். இரண்டு வாரம் இரண்டு ஆண்டாயிற்று. பாலம் சொந்த வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். இடையில் அவன் தாயார் காலமானார். தனிமைப்படுத்தும் விதிகளால் இறுதிச் சடங்குக்கு அவனால் வந்துசேர முடியவில்லை. கைப்பேசியில் முகம் பார்த்துத்தான் வழியனுப்பினான்.

அவன் விட்டுச்சென்ற கார் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. 1996-இல் புரோட்டோன் கைக்கு வந்த லோட்டஸ் நிறுவனத்தார் ஓட்டத்தைச் செப்பனிட்ட, நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. அம்மாவை உட்கார வைத்து ஓட்டிய அந்தக் காரிலேயே அப்பாவையும் அழைத்துக்கொண்டு சமாதிக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை.

சாவியைத் திருகினான். விளக்குகூட எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "என் லாரி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுப் பார்ப்போமா, தம்பி?" என்றார்.

"வேண்டாம்யா!" என்று தடுத்தார், தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். "உன் லாரி 24 வோல்ட். கார் 12 வோல்ட். ஒயர் போட்டா உள்ளே இருக்கிற மின்கருவியெல்லாம் கருகிடும்." பிறகு பையனைப் பார்த்து, "அம்மாவைப் பார்க்கக் கார் எதுக்குப்பா? முதல்ல அப்பாவோட நடந்து போய்க் கும்பிட்டுட்டு வா. கார் நாளைக்கும் இங்கேதான் நிக்கும்" என்றார். தகப்பனும் மகனும் நடந்தே போனார்கள்.

மறுநாள் பெரியவர் செய்தவை உங்களுக்கும் பயன்படும்.

முதலில் முன்மூடியைத் திறந்தார். உள்ளே எலிக்கூடு! இரண்டு ஒயர்களின் தோல் கடிபட்டிருந்தது. "தினமும் வெளியே துடைச்சேன் சார், உள்ளே திறந்து பார்க்கணும்னு தோணலையே" என்று தகப்பனார் வருந்தினார். புகைக்குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

இரண்டாண்டு மின்னேற்றம் இல்லாமல் கிடந்த பேட்டரி இனி தேறாது என்று புதியது வாங்கச் சொன்னார். பழைய பெட்ரோல் கெட்டு, பிசின்போல் குழாய்களை அடைக்கும். அதைத் திறந்தவெளியில், நெருப்பு அண்டாமல் வடித்தெடுத்து, வடிகட்டியை மாற்றினார். எஞ்சின் எண்ணெயையும் மாற்றினார்.

அடுத்துதான் முக்கியம். நின்ற எஞ்சினில் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்துவிடும். உடனே முடுக்கினால் இரும்போடு இரும்பு உராயும். ஆகவே நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, அரைமணி கழித்துச் சாவி போடாமல் ஸ்பேனரால் மெல்லச் சுற்றினார். தடையின்றிச் சுழன்றது. டைமிங் பெல்ட் ஓடாவிட்டாலும் வயதாகும், அறுந்தால் எஞ்சினே பாழாகும் என்று அதையும் மாற்றவைத்தார். பிறகு பிளக்குக்குப் போகும் மின் இணைப்பையும் பெட்ரோல் பம்ப்பின் பியூஸையும் எடுத்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை சில விநாடிகளாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் காரை வெளியே தள்ளிய பிறகே முடுக்கினார்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் உயிரைக் குடிக்கும்.

எஞ்சின் உறுமியது! பையன் துள்ளி ஏறினான். பெரியவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஓடுறது பெரிசில்லை தம்பி. நிக்குதான்னு பார்க்கணும்."

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு ஏறும். பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியானால், மிதி பஞ்சுபோல் இறங்கிவிடும். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, முன் சக்கரம் ஒன்றின் பிரேக் இறுகிக் கிடந்தது. வேகத்தில் மிதித்திருந்தால் கார் ஒருபக்கமாக இழுத்திருக்கும். டயரில் பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு. டயர் ஓரத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். உங்கள் டயரையும் பாருங்கள்.

பிரேக்கைச் செப்பனிட்டு, டயர் மாற்றி, இன்சூரன்சும் ரோட் டெக்சும் புதுப்பிக்க மேலும் சில நாளாயிற்று. பிறகு செம்பனைகளுக்கு நடுவே தோட்டத்துச் சாலையில் மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்தான். கார் நேராக நின்றது. அன்று மாலைதான் தகப்பனார் முன் இருக்கையில் ஏறினார்.

வாசகர்களே, உங்கள் வண்டி பழைய மோட்டார் சைக்கிளாகவே இருக்கட்டும். நெடுநாள் நிறுத்துவதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கைப்பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மாதம் ஒருமுறை உள்ளே திறந்து பாருங்கள். மீண்டும் எடுக்கும் நாளில் ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். அது நிற்குமா என்று பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.