நாற்பத்தைந்து நாளா, மார்ச் 31-ஆ?

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பதினோரு வருடமாக அவரிடம் உதிரிபாகம் கடைந்து வாங்கும் பம்பு கம்பெனி, "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலிலிருந்து ஆர்டர் கிடையாது" என்று சொல்லிவிட்டதாம். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவரின் கேள்வி வேறு: "என்னிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறது. மார்ச் 31-க்குள் பாக்கி முழுக்க வந்துவிடும்தானே?" திருப்பூரில் பவர்டேபிள் (தையல்) யூனிட் நடத்தும் பெண்மணியின் கடிதம் ஒரே வரி: "45 நாளில் பணம் தரணும்னு சட்டம் வந்திருக்காமே, யாரிடம் போய்க் கேட்பது?"

மூவரும் கேட்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023-இல் சேர்ந்த (எச்) உட்பிரிவைப் பற்றி. 2023 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2023-24 கணக்காண்டுக்கு முதன்முறையாகப் பொருந்தியது. 2024 மார்ச்சில், அந்த ஆண்டு முடிய இரண்டு வாரம்கூட இல்லாதபோது, இதே பொருளில் வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன.

சிறுதொழில்களுக்கு உரிய காலத்தில் பணம் கிடைக்கச் செய்யும் ஆதரவு என்று அரசு இதைச் சொல்கிறது. ஆதரவு என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டேன். அரசு தன் கையிலிருந்து ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. சரக்கு வாங்கியவரின் வரிக்கணக்கில் ஒரு முள்ளை வைத்திருக்கிறது. அந்த முள் யாரைக் குத்துகிறது, யாரைக் குத்தாமல் விடுகிறது என்று பார்த்தால்தான் ஆதரவா இல்லையா என்பது தெரியும்.

45 நாள் என்பது புதிதல்ல. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2024 மார்ச்சில் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. கந்துவட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் இந்த வட்டியை நம் ஊரில் வாங்கியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். வட்டி கேட்க வேண்டுமென்றால் நமக்கு வேலை கொடுக்கும் பார்ட்டி மேலேயே, தாமதப் பணத்துக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்த மறுநாள் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

(எச்) உட்பிரிவின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். இதற்குப் புகார் தேவையில்லை. வாங்கிய சரக்கைச் செலவாகக் கணக்கில் எழுதினால் மட்டும் போதாது. குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள் பணம் போயிருந்தால்தான் அந்தச் செலவை இந்த ஆண்டு வருமானத்தில் கழிக்கலாம். பலவீனமானவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வாங்கியவரின் ஆடிட்டரே பில்லைப் புரட்டி, தேதியைப் பார்த்து, "இதைக் கொடுத்துவிடுங்கள்" என்பார். 2006-இலிருந்து ஒரு சட்டம் செய்ய முடியாததை ஆடிட்டரின் பேனா செய்கிறது. இதை யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். கூட்டாண்மை நிறுவனம் ஒன்று. ஆண்டு லாபம் 20 லட்சம். 30 சதவீத வரி, 4 சதவீத செஸ் சேர்த்து 6.24 லட்சம் கட்ட வேண்டும். ஆனால் நாள் கடந்தும் சிறுதொழில்களுக்குக் கொடுக்காத பாக்கி 40 லட்சம் இருக்கிறது. அந்த 40 லட்சம் செலவாக ஏற்கப்படாததால் வரிக்குரிய வருமானம் 60 லட்சம் ஆகிவிடும். வரி 18.72 லட்சம். சம்பாதித்ததே 20 லட்சம்! அடுத்த ஆண்டு பாக்கியைக் கொடுத்ததும் 12.48 லட்சம் வரியில் குறையும் என்பது உண்மைதான். இந்த ஆண்டு கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

கெட்டிக்காரத்தனம் இத்தோடு நிற்கிறது. என்னைத் தொந்தரவு செய்யும் பகுதியைச் சொல்கிறேன்.

இந்தப் பிரிவு கணக்கை நாள்தோறும் பார்ப்பதில்லை. ஆண்டு முடியும் ஒரே நாளில்தான் பார்க்கிறது. ஜூன் மாதம் வாங்கிய சரக்குக்கு ஜூலை இறுதியில் பணம் கொடுத்திருக்க வேண்டும். வாங்கியவர் எட்டு மாதம் இழுத்து மார்ச் 28-ஆம் தேதி கொடுக்கிறார். பணம் கொடுத்த ஆண்டில் செலவு கழிக்கப்படும் என்பது விதி. ஜூனும் மார்ச்சும் ஒரே கணக்காண்டு. ஆக, அவருக்கு வருமான வரியில் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. மார்ச் 20-ஆம் தேதி வாங்கிய சரக்குக்கு, 45 நாள் ஒப்பந்தம் இருந்தால், மே 4-க்குள் கொடுத்தாலும் இந்த ஆண்டே கழிக்கலாம். மே 5 ஆனால் அடுத்த ஆண்டுதான். ஏப்ரல் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை விற்றவருக்கு 45 நாள் விதி என்று ஊரெல்லாம் சொல்லப்படுவது, நடைமுறையில் மார்ச் 31 விதி.

மார்ச் 31-ஐயும் தாண்டி நிறுத்திவைக்கும் பெரிய கம்பெனிக்காவது வலிக்குமா? ஒரு லட்ச ரூபாய் பில், நடு மார்ச்சில் கொடுக்க வேண்டியது, நடு ஜூலைக்குப் போகிறது. 25 சதவீத வரி என்றால் இந்த ஆண்டு 25,000 ரூபாய் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு அது குறைந்துவிடும். உண்மையான இழப்பு, அந்த 25,000-க்கு அதிகபட்சம் ஓராண்டு வட்டி. பத்து சதவீதம் வைத்தால் 2,500 ரூபாய். ஒரு லட்சத்தை நான்கு மாதம் இலவசமாகக் கையில் வைத்திருந்ததில் அதே வட்டிக்கு மிச்சம் 3,300 ரூபாய்க்கு மேல். கொடுக்காமல் இருப்பதே லாபம்! அதே நான்கு மாதத்துக்கு 2006 சட்டத்தின் கூட்டுவட்டியை 20.25 சதவீதத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 6,900 ரூபாய். அதைக் கட்ட வைத்தால் ஒருவரும் தாமதிக்கமாட்டார்கள். கூர்மையான முள்ளுக்குப் புகார் வேண்டும். புகார் வேண்டாத முள் மொட்டையாக இருக்கிறது.

இது தொழில் நன்றாக ஓடும் காலத்தில் வந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டேன். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. அதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாட்டுச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. திருப்பூரிலும் கோவையிலும் ஒரு ஷிஃப்ட்டோடு நிறுத்தும் யூனிட்டுகளை நீங்களே பார்த்தீர்கள். மந்த காலத்தில் பாக்கி நீளும். லாபம் சுருங்கும். இந்த முள்ளோ லாபத்தின் மீதான வரி வழியாகத்தான் குத்துகிறது. பெரும் நட்டத்தில் இருக்கும் கம்பெனிக்குப் பாக்கியைச் செலவாக ஏற்காவிட்டாலும் நட்டம் கொஞ்சம் குறைந்து காட்டப்படும், வரி வராது. அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த வரியே கட்டுவதில்லை. அவர்களிடம் பில் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை. பிறரைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லும் அரசு, தன் அலுவலகங்களை இந்த வளையத்துக்கு வெளியே வைத்திருக்கிறது.

மிக ஆழமாகக் குத்தப்படுபவர் நடுவில் நிற்பவர். பனியன் துணிக்கான நிட்டிங், காம்பாக்டிங் யூனிட் நடத்துபவருக்கு எக்ஸ்போர்ட்டர் பணம் தரவேண்டும். எக்ஸ்போர்ட்டருக்கு வெளிநாட்டுப் பார்ட்டி சரக்கு போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் கழித்துத் தருகிறார். அவர் 45 நாளில் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எக்ஸ்போர்ட்டரிடமிருந்து பணம் வராவிட்டாலும் நிட்டிங்காரர் ஜிஎஸ்டியைத் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். மேலே வராத பணத்தைக் கீழே கொடுக்கச் சொல்லி, கொடுக்காவிட்டால் இல்லாத லாபத்துக்கு வரி கேட்கிறது இந்தப் பிரிவு. மேலே நான் சொன்ன 20 லட்சம் லாபக்காரர் இவர்தான். 2024-இல் வணிகர் அமைப்புகள் ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. தன் பாக்கி மேலே மாட்டியிருப்பதை நிரூபிக்கும் சிறுதொழிலுக்கு மட்டும் தவணை கொடுக்கச் சொல்கிறேன்.

பம்பு கம்பெனி கேட்கும் உத்யம் ரத்து விஷயத்துக்கு வருகிறேன். கணபதி வாசகருக்கு என் பதில்: ரத்து செய்யாதீர்கள். பதிவு போனால் சமாதான் தளம் போகும். பிணையில்லாக் கடனுக்கு வங்கிக்குக் கிடைக்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதமும், மாநில அரசின் மூலதன மானியமும் கேள்விக்குறியாகும். பதிவே இல்லாத குறுந்தொழிலுக்கும் இந்த உட்பிரிவு பொருந்துமா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. ஆகவே ரத்து செய்வதால் அந்தக் கம்பெனிக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட, பர்ச்சேஸ் ஆர்டரிலேயே 45 நாள் என்று எழுதச் சொல்லுங்கள். 15 நாள் 45 ஆகும்; கம்பெனிக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வாய்ப்பேச்சு செல்லாது.

அரசு மனம் வைத்தால் புதுச் சட்டம்கூட வேண்டாம். வரித் தணிக்கை அறிக்கையான 3சிடி படிவத்தின் 22-ஆவது பத்தியில், சிறுதொழில்களுக்குத் தரவேண்டிய தாமத வட்டி எவ்வளவு என்று ஆடிட்டர் எழுதியாக வேண்டும். அந்த வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது என்பதற்காக அந்தப் பத்தி இருக்கிறது. அதாவது, தாமத வட்டி எவ்வளவு என்ற தொகை ஆண்டுதோறும் வருமான வரித்துறையின் கையில் வந்து சேர்கிறது. வரிக்காக அதைப் படிக்கிறார்கள். அந்த வட்டிக்குச் சொந்தக்காரரான பட்டறைக்காரருக்கு ஒரே வரியில் ஒரு கடிதம்கூடப் போவதில்லை. போனால், புகார் என்ற அவமானமில்லாமல் அவர் பணம் அவருக்கு வரும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஈரோட்டு வியாபாரிக்குப் பொருந்துமா? இல்லை, வியாபாரிகளின் உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே.

நடுத்தர நிறுவனத்துக்குத் தரவேண்டிய பாக்கி? கணக்கில் வராது; குறு, சிறு மட்டும், அதாவது, 2025 மார்ச் வரை இருந்த வரம்புப்படி, விற்றுமுதல் 50 கோடிக்குள்ளும் இயந்திர முதலீடு 10 கோடிக்குள்ளும்.

90 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே? 45-க்கு மேல் எழுதியது செல்லாது.

நாள் எப்போதிலிருந்து? சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜாப் ஒர்க் பில்? சேவையும் அடக்கம், பவர்டேபிள் அம்மா, உங்களுக்குப் பொருந்தும்.

44ஏடி-யில் உத்தேச லாபம் காட்டுபவர்? அவரை இது தொடாது.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்குள் கொடுத்தால் போதாதா? 43பி-யின் மற்ற இனங்களுக்கு உண்டு, இதற்கு இல்லை.

வாங்குபவரின் கையெழுத்து கிடைத்தால் வேறு வழி? ட்ரெட்ஸ் தளத்தில் பில்லைத் தள்ளுபடிக்கு விற்கலாம். 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2024 நவம்பர் வரை இருந்த விதி.

2024-இல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளி, புனித வெள்ளி விடுமுறை. இப்படி விடுமுறை குறுக்கிடலாம் என்பதால், செக் எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்று கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். நெஃப்ட்டும் ஆர்டிஜிஎஸ்ஸும் ஞாயிறன்றும் இயங்கும்.